இருபது பேரு இருந்த ஆட்டத்துல பத்தே பேரு

2007ல நின்டெண்டோவோட வீ கன்சோலுக்கு வந்த மரியோ ஸ்ட்ரைக்கர்ஸ் சார்ஜ்டுங்கற கால்பந்து வீடியோ கேம்ல கேப்டன் 12, கூட ஆட சைட்கிக் 8. மொத்தம் 20 பேரு. பதினஞ்சு வருஷம் காக்க வெச்சு, 2022 ஜூன் 10ல ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்துச்சே அடுத்த பாகம் பேட்டில் லீக், அதுல எத்தனை பேரு? பத்து! விலை மட்டும் கொறையல, முழுசா அறுபது டாலர்.

டெய்சியைக் காணோம்யா. 2005ல கேம்கியூப் கன்சோல்ல வந்த முதல் பாகத்துலேருந்து கேப்டனா ஆடினவ அவ. டிடி காங் இல்ல, பவுசர் ஜூனியர் இல்ல. அப்புறம் ஆரம்பிச்சாங்க, 'இலவச அப்டேட்'டுன்னு தம்பட்டம். ஜூலைல டெய்சியும் ஷை கையும். செப்டம்பர்ல பாலினும் டிடி காங்கும். டிசம்பர்ல பேர்டோவும் பவுசர் ஜூனியரும். இந்த ஆறு பேர்ல பாலினைத் தவிர மத்த அஞ்சு பேரும் 2007லயே ஆடினவங்க! நம்ம வீட்டுப் பாத்திரத்தையே தேய்ச்சுக் கழுவி நமக்கே சீர்வரிசையா கொண்டாந்து வெச்ச மாதிரி இருக்கு. மொத்தம் 16 பேரோட கடையைச் சாத்திட்டாங்க. பழைய 20ஐக் கூட எட்டல.

இது ஒரு தடவ நடந்த தப்புன்னா மன்னிச்சு விடலாம். 2018ல மரியோ டென்னிஸ் ஏசஸ், 2021ல மரியோ கோல்ஃப் சூப்பர் ரஷ், ரெண்டுலயும் இதே வேலைதான். அரைவேக்காட்டுல இறக்கி வெச்சுட்டு, மீதியை மாசக்கணக்குல கரண்டி கரண்டியா ஊத்துறது. டென்னிஸாவது 16 பேர்ல ஆரம்பிச்சு 30 பேர் வரைக்கும் போச்சு.

சரி, ஆளுங்க கம்மி, மைதானமாவது? பழைய ஆட்டத்துல மைதானமே ஒரு எதிராளி. ஒண்ணுல லாவா ஓடும். ஒண்ணுல காத்து நம்ம ஆளையே ஓரத்துக்கு வெளிய தள்ளி விட்டுடும். புயல்ல பசுமாடு பறந்து வந்து நடுவுல விழற இடமும் உண்டு. இப்ப? பாதி மைதானம் உங்க டீமோடது, பாதி எதிராளியோடது, ரெண்டையும் ஒட்டித் தெச்சு வெச்சிருக்காங்க. பாக்க ஜோரு. ஆட்டத்துல ஒரு மண்ணும் மாறாது. லாவா கோட்டையும் பேய் மாளிகையும் வெறும் வால்பேப்பர்தான்.

கியர், அதான் ஆளுங்களுக்கு மாட்டி விடற கவசம், அந்த விஷயத்துக்கு வருவோம், அங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. ஒவ்வொருத்தருக்கும் பலம், வேகம், ஷாட், பாஸ், டெக்னிக்னு அஞ்சு அளவு. தலை, கை, உடம்பு, கால்னு நாலு கியர் மாட்டலாம். ஒவ்வொண்ணும் ஒரு அளவை ஏத்தும், இன்னொண்ணை அதே அளவுக்கு இறக்கும். வலது பாக்கெட் காசை எடுத்து இடது பாக்கெட்ல போட்டுக்கிட்டு பணக்காரன்னு சொல்லிக்கிற கணக்கு. பவுசர் மந்தமா நடக்கறதும் முட்டினா எதிராளி மைதானத்தைச் சுத்தி இருக்கற மின்வேலில போய் விழறதும்தான் பவுசரோட அழகு. வேகத்துக்குன்னு நாலு கியரை மாட்டி விட்டா, அதுக்கு விலையா மத்த அளவுகள் இறங்கி, கொம்பு வெச்ச இன்னொரு மரியோவா வந்து நிப்பாரு. இதுல கேமரா வேற தூரத்துல. கோல்கீப்பர் போக ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் நாலு, எட்டு பேரும் தலையிலேருந்து கால் வரைக்கும் கவசம். பந்து எவன் கால்ல இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள கோலே விழுந்துடும்.

வயித்தெரிச்சல் என்னன்னா, அடிப்படை ஆட்டம் பிரமாதம். பந்து காலுக்கு வர்ற அதே நொடியில பாஸ் அமுக்கினா பெர்ஃபெக்ட் பாஸ். வலது ஸ்டிக்கைச் சரியான நேரத்துல தட்டினா டாட்ஜ் பண்ணி, அதாவது சட்டுன்னு ஒதுங்கி, ஒரு வேகமும் கூடக் கிடைக்கும். சொந்த டீம்காரனையே டாக்கிள் பண்ணி, அதாவது முட்டி, முன்னாடி தூக்கி எறியலாம், இதை நெறைய பேரு கண்டுக்கறதே இல்ல. மைதானத்துல வர்ற ஆர்ப்ங்கற ஒளி உருண்டையை எடுத்தா 20 செகண்ட் மினுமினுக்கும், அதுக்குள்ள பட்டனைப் பிடிச்சு ஷாட்டை நெறைச்சு ஹைப்பர் ஸ்ட்ரைக்ங்கற பெரிய ஷாட்டை அடிச்சா ரெண்டு கோல் கணக்கு. அப்ப திரையில வர்ற மீட்டர்ல ரெண்டு பக்கமும் நீலத்துலயே நிறுத்தினா தடுக்கவே முடியாது. தவறினா எதிராளி பட்டனைக் குத்து குத்துன்னு குத்தித் தடுக்கலாம். அதனால எதிராளி ஆர்ப் எடுத்துட்டா கோல் பக்கம் ஓடாதீங்க. ஷாட் நெறைய நிக்கணும்ல, அந்த நேரத்துல போய் முட்டுங்க, இல்ல ஆமை ஓட்டை வீசி அடிங்க.

இவ்வளவு நல்ல சண்டையை உண்டாக்கி வெச்சுட்டு, தனியா ஆடறவனுக்கு என்ன குடுத்தாங்க? ஆறு கோப்பை. கேனன், செயின், டர்போ, மஸில், ட்ரிக், கடைசியா சாம்பியன்ஷிப். ஒரு சாயங்காலம் உக்காந்தா முடிஞ்சிடும். கதை கிடையாது, சவால் மோடு கிடையாது. முடிச்சா கேலக்டிக்னு கதவு தெறக்கும். உள்ள போனா அதே ஆறு கோப்பை, கம்ப்யூட்டர் மட்டும் மொரட்டுத்தனமா ஆடும். ஜெயிச்சு சேத்த காசுல என்ன வாங்கலாம்? மேல சொன்னேனே, அதே கியர்.

'ஆன்லைன்ல கிளப் இருக்கே'ம்பாங்க. இருக்கு. அதுக்குத் தனியா சந்தா கட்டணும். அதோட ஒரு கிளப்ல 20 பேரு வரைக்கும் சேரலாமாம். கிளப்புக்கு 20 பேரு குடுக்கத் தெரியுது, ஆட்டத்துக்கு குடுக்க மட்டும் மனசு வரல. அடுத்த பாகம்னு ஒண்ணு வந்தா, மொதல்ல அந்தப் பசுமாட்டைத் திருப்பிக் குடுங்கடா.