மல்லார்டு வெடிக்கவில்லை, உருகியது ஒரு பேரிங்தான்

1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகம் தொட்ட பிரிட்டிஷ் நீராவி இன்ஜின் மல்லார்டு, அன்றே வெடித்துக் காயலான் கடைக்குப் போனதாக ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு. பாய்லருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று சிலிண்டர்களில் நடு சிலிண்டரின் இணைப்புத் தண்டு, சக்கர அச்சைச் சுழற்றும் கிராங்க்கைப் பிடிக்கும் பேரிங்கில் பூசிய வெள்ளை உலோகம் என்ற மென்மையான கலவைதான் உருகியது.

அந்த சிலிண்டருக்குள் நீராவியை விடும் நடு வால்வுக்குத் தனி இயக்கமைப்பு கிடையாது. வெளி வால்வுகள் இரண்டோடும் பிணைந்த நெம்புகோல்களே அதை நகர்த்தும். அவற்றின் மூட்டுகள் தேய்ந்தால், அதிவேகத்தில் நடு வால்வு அளவுக்கு மீறி ஓடும். அந்த சிலிண்டர் தன் பங்கைவிட அதிகச் சுமை இழுக்கும், பேரிங் கொதிக்கும். இதைக் கண்டுகொள்ளவே பேரிங்குக்குள்ளே சோம்பு மணக்கும் குப்பி வைத்திருந்தார்கள். சூட்டில் அது உடைந்தால் வாசனை டிரைவர் மூக்குக்கு எட்டிவிடும்.

பீட்டர்பரோவில் இன்ஜினைக் கழற்றிவிட்டு, டான்காஸ்டர் பணிமனையில் பேரிங்கைச் சரிசெய்தார்கள். பிறகு 1963 வரை, மொத்தம் ஏறக்குறைய 15 லட்சம் மைல் ஓடியது. 1980களில் பழுதுபார்த்து மீண்டும் சில காலம் ஓட்டினார்கள். இப்போது யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் நெருப்பில்லாமல் நிற்கிறது, முழு உடலோடு.