நம்பர் மாறினால் படம் மாறணும், இதுக்கு இவ்வளவு பாடா?

எக்செல் ஷீட்டில் ஒரு செல்லில், அதாவது ஒரு கட்டத்தில், ஸ்டைல் நம்பரை (டிசைனின் எண்ணை) மாற்றினால் பக்கத்தில் இருக்கிற படமும் மாற வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். ஆர்டர் கொடுத்த பையர் பெயர் மாறுகிறது, கலர் மாறுகிறது, சைஸ் வாரியாகப் பீஸ் கணக்கு மாறுகிறது, டெலிவரி தேதி மாறுகிறது. பட்டியலில் தேடி எடுத்துவரும் விலுக்அப் ஃபார்முலா ஒன்று போட்டால் எல்லாம் கைகட்டி வந்து நிற்கின்றன. படம் மட்டும் போன மாத டிசைனையே காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

திருப்பூரில் ஆர்டரைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். ஆர்டர் ஷீட்டில் படம் என்பது அலங்காரம் இல்லை. கட்டிங் டேபிளிலும் சரி, பிரிண்டிங்கிலும் சரி, செக்கிங்கிலும் சரி, நம்பரை யாரும் படிப்பதில்லை. படத்தைப் பார்ப்பார்கள், வேலையை ஆரம்பிப்பார்கள். நம்பர் ஒன்று, படம் வேறு என்று ஒரு ஷீட் போனால், நெஞ்சில் வர வேண்டிய பிரிண்ட் முதுகில் வந்து நிற்கும். அப்புறம் யார் பதில் சொல்வது?

இதைக் கேட்டால் முதலாளி சொல்வார்: "சின்ன வேலைதானே, ஒரு ஃபார்முலா போட்டா வராதா?" வராது சார். எக்செல்லில் நாம் வழக்கமாகச் சொருகும் படம் செல்லுக்குள் இருப்பதே இல்லை. செல்களுக்கு மேலே தனி அடுக்கில் மிதக்கிறது. ஃபார்முலாவால் எண்ணையோ எழுத்தையோ கொண்டுவர முடியும், மேலே மிதப்பதைத் தொட முடியாது. நம்பிக்கை இல்லாவிட்டால் படங்கள் உள்ள ஷீட்டில் ஒரு ஃபில்டர் போட்டுப் பாருங்கள். வரிசைகள் மறையும், படங்கள் மறையாது. செட்டிங்கை மாற்றாமல் விட்டிருந்தால் அத்தனை டீ சர்ட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, தீபாவளி தள்ளுபடிக் கடையில் கொட்டிவைத்த மாதிரி குவிந்து கிடக்கும்.

சரி, வழியே இல்லையா என்றால் இருக்கிறது. கொல்லைப்புற வழி. கேமரா என்று ஒரு கருவி. அதை மேலே பட்டன்கள் இருக்கும் ரிப்பனில் தேடினால் கிடைக்காது, 'ரிப்பனில் இல்லாத கட்டளைகள்' என்ற பட்டியலுக்குள் போய் நாமே தூக்கி வெளியே வைக்க வேண்டும். இவ்வளவு பேருக்குத் தேவைப்படும் ஒன்றை எதற்கு அங்கே ஒளித்து வைக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்களேன். அது ஒரு செல்லை அப்படியே படம் பிடித்து இன்னொரு இடத்தில் காட்டும். எந்த செல்லைக் காட்ட வேண்டும் என்பதை ஃபார்முலாவால் மாற்றலாம் என்பதுதான் தந்திரம். ஆனால் அந்த ஃபார்முலாவைப் படத்துக்கு நேராகக் கொடுக்க முடியாது. பெயர் சூட்டுவதற்கென்று இருக்கும் நேம் மேனேஜரில் ஒரு பெயர் வைத்து, அதற்குள் நம்பர் எந்த வரிசையில் என்று தேடும் மேட்சும், அந்த வரிசையின் செல்லைத் தரும் இண்டெக்ஸும் எழுதி, பிறகு படத்தைத் தேர்ந்தெடுத்து அந்தப் பெயரை மட்டும் தர வேண்டும். நமக்குக் கைவந்த விலுக்அப் இங்கே செல்லாது. அது செல்லின் மதிப்பைத்தான் தரும், செல்லையே தராது. படத்துக்குச் செல்தான் வேண்டுமாம்.

இதைவிடச் சுலபம் என்று இன்னொரு வழியைச் சிலர் சொல்வார்கள். ஒவ்வொரு படம் இருக்கும் செல்லுக்கும் ஸ்டைல் நம்பரையே பெயராக வைத்துவிட்டு, எழுத்தாக இருக்கும் பெயரைச் செல்லாக எடுத்துக்கொள்ளும் இண்டைரக்ட் ஃபார்முலா போட்டு அழைப்பது. இதைச் சொல்லித்தரும் வீடியோவில் பார்த்தால் அருமையாக வேலை செய்யும். ஏனென்றால் வீடியோவில் எப்போதும் மூன்றே படம்தான்: ஆப்பிள், மாம்பழம், வாழைப்பழம். என் ஸ்டைல் நம்பர் 'டிஎஸ்104'. அதைப் பெயராக வைக்கப் போனால் முடியாது என்கிறது. 2007 பதிப்பிலிருந்து எக்செல்லில் 16,384 நெடுவரிசைகள், கடைசி நெடுவரிசை 'எக்ஸ்எஃப்டி'. நடுவில் 'டிஎஸ்' என்று ஒரு நெடுவரிசையும் இருக்கிறது, அதில் 104-வது வரிசையும் இருக்கிறது. ஆக என் டீ சர்ட்டின் பெயர் ஒரு செல்லின் முகவரி! இத்தனை வருடத்தில் அந்த செல் பக்கம் நான் போனதே இல்லை. சரி, எழுத்தை விட்டுவிட்டு வெறும் 104 என்று வைக்கலாமா? பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. நடுவில் இடைவெளி விட்டால்? அதுவும் கூடாது. பையர் கொடுத்த நம்பரை எக்செல்லுக்காக மாற்றச் சொல்லி நான் போய் மெயில் போடவா?

அடுத்தது மாக்ரோ, எக்செல்லுக்குள்ளேயே எழுதும் குட்டி புரோகிராம். இது தெரிந்த ஒருவர் எல்லா ஆபீசிலும் இருப்பார், எழுதியும் கொடுப்பார், கையால் நம்பரை டைப் செய்யும்வரை படம் அழகாக மாறும். அந்த நம்பரே இன்னொரு ஃபார்முலாவிலிருந்து வருகிறது என்றால் மாறாது, ஏனென்றால் அவர் எழுதிய 'சேஞ்ச்' நிகழ்வு அதற்கெல்லாம் விழிக்காது, ஃபார்முலா கணக்கிடும்போது விழிக்கும் 'கேல்குலேட்' நிகழ்வில் எழுத வேண்டும். அதையும் சரிசெய்து மெயிலில் அனுப்பினால் அந்தப் பக்கம் மாக்ரோ திறக்காது. இணையம் வழியாக வரும் கோப்புகளில் மாக்ரோவை 2022-லிருந்து முன்கூட்டியே தடுத்துவிடுகிறார்கள். பாதுகாப்புக்காகத்தான், அதில் எனக்குக் குறையில்லை. என் வேலை நடக்கவில்லை, அதுதான் குறை.

இப்போது இமேஜ் என்று ஃபார்முலாவே வந்துவிட்டதே என்று வருவீர்கள். வந்தது, 2022-ல். எக்செல் வந்தது 1985-ல்! கூகுள் ஷீட்ஸில் இதே பெயரில் இதே ஃபார்முலா அதற்குப் பல வருடம் முன்பே இருந்தது. வந்ததாவது உருப்படியாக வந்ததா? படம் இணையத்தில், லாகின் கேட்காத முகவரியில் இருக்க வேண்டும். டி டிரைவில் வைத்திருக்கும் படத்தை அது ஏறெடுத்தும் பார்க்காது. பையர் அடுத்த சீசனுக்கு வைத்திருக்கும் டிசைனை, வெளியே காட்ட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய டிசைனை, யார் வேண்டுமானாலும் திறக்கிற முகவரியில் ஏற்ற வேண்டுமாம், ஒரு ஷீட்டில் படம் தெரிவதற்காக. இந்த ஃபார்முலாவை யோசித்தவர்கள் வேலைக்குப் போகிற ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கடைசியாக 2023-ல்தான் படத்தை நிஜமாகவே செல்லுக்குள் வைக்கும் வசதி வந்தது. இது நன்றாகவே இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. விலுக்அப்பின் புது வடிவமான எக்ஸ்லுக்அப் போட்டால் படமே பதிலாக வருகிறது. கேமராவும் வேண்டாம், பெயரும் வேண்டாம். ஆனால் பிரிண்டிங் யூனிட்டில் இருப்பது 2010 பதிப்பு. அங்கே இந்த ஷீட்டைத் திறந்தால் டீ சர்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஹேஷ் போட்டு 'வேல்யூ' என்று எரர் நிற்கும். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஓடுகிற கம்ப்யூட்டரை எதற்கு மாற்ற வேண்டும்?

அதனால் இப்போதைக்கு என் சிஸ்டத்தில் மட்டும் படம் மாறுகிறது, வெளியே போவதெல்லாம் பிடிஎஃப். நேற்று அனுப்பி முடித்த கையோடு பிரிண்டிங்கிலிருந்து போன். "ஏனுங்க, படமெல்லாம் பளிச்சுன்னு இருக்குதுங்க. பீஸ் கணக்கு மாத்தோணும், எக்செல்லாவே அனுப்பி விட்டுருங்க."