ரவிக்கைக் கை பற்றி வரும் வட்ஸ்அப் தகவல் பிழை

"கை வைத்த ரவிக்கை 2000 வருஷத் தமிழ் மரபு. கையில்லாதது வெள்ளைக்காரன் பழக்கினது. நல்லூர்த் திருவிழா வருது, எல்லாருக்கும் அனுப்புங்கோ" என்றொரு தகவல் யாழ்ப்பாணக் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. இது சரியல்ல.

பொலன்னறுவையில் கிடைத்த சோழர் காலப் பார்வதி வெண்கலச் சிலைகள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். இடுப்பிலே மடிப்பு மடிப்பாய் ஆடை, மேலே நகைகள் மட்டும். பழைய இலக்கியத்தில் கச்சு, அதாவது மார்பில் கட்டும் துணி, வருகிறதுதான். ஆனால் இன்றைய வடிவில் கை வைத்துத் தைத்த ரவிக்கை பரவியது 19ஆம் நூற்றாண்டிலிருந்து, ஆங்கிலேயர் ஆட்சியில். அம்மம்மாவின் கலியாணப் படத்தில் தோளில் புடைத்து நிற்கிற அந்தக் கை இருக்கே, அது விக்டோரியா காலத்து இங்கிலாந்து நாகரிகம்!

மேலாடை எல்லாருக்கும் கிடைத்ததுமில்லை. தென்னிந்தியாவின் திருவிதாங்கூர் அரசில் நாடார் சாதிப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி 1859இல்தான் மேலாடை அணிய அரச ஆணை பெற்றார்கள். யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குத் தடை இருந்தது. அவர்கள் ரவிக்கை போட்டதே ஒரு எதிர்ப்பு.

கோயிலுக்கு என்ன உடுப்பது என்பது வேறு விஷயம். அதைக் கோயில் அறிவித்தலில் பாருங்கள். இந்தத் தகவலை மற்றக் குழுவுக்குத் தள்ளிவிடாதேங்கோ.