காய்த்து நிற்கிற தோட்டத்துக்கு என்ன உறுதி வேண்டும்?

இதை எழுதாமல் படுத்தால் எனக்கு நித்திரை வராது.

வன்னியில் எங்கள் பக்கத்தில் சனிக்கிழமைகளில் உழவர் சந்தை ஒன்று தொடங்கப் போகிறார்கள். விளைவிக்கிறவரே கொண்டுவந்து விற்பார், இடையில் யாருக்கும் கழிவு இல்லை. கேட்டவுடனேயே தொண்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். 100 கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் 10 கிலோவைக் கழிவென்று எடுத்துக்கொண்டு 90 கிலோவுக்கு மட்டும் காசு எண்ணித் தருகிற சந்தையில், அப்பா வாய் திறக்காமல் நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே விற்க மேசை கேட்டு விண்ணப்பித்தவர்களின் தோட்டங்களை நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை.

மூன்று கிழமையாகத் தருமபுரம், விசுவமடு, வட்டக்கச்சி, அக்கராயன் என்று மோட்டார் சைக்கிளில் திரிகிறேன். வெயிலும் புழுதியும் எனக்கு ஒரு பொருட்டில்லை. போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பதைச் சந்தை ஏற்பாட்டுக் குழுவில் ஒருவரும் வாசிப்பதில்லை, அதுதான் வயிறு எரிகிறது.

விசுவமட்டுப் பக்கம் ஓர் அம்மா. அரை ஏக்கர்தான். கத்தரி, பயிற்றை, வெண்டி, கரையோரம் மரவள்ளி. குரங்குக்கும் மயிலுக்கும் பயந்து சுற்றிவரப் பழைய சேலை கட்டியிருக்கிறார். ஓகஸ்ட் மாதத்தில், ஊரே காய்ந்து கிடக்க, கிணற்றுத் தண்ணீர் இறைத்து அந்தத் துண்டை மட்டும் பச்சையாக வைத்திருக்கிறார். ஒவ்வொரு பாத்தியாக நடந்து பார்த்தேன். எத்தனை கன்று, எத்தனை நாளைக்கு ஒருமுறை ஆய்கிறார், விதை எங்கே எடுத்தார், பூச்சிக்கு என்ன அடிக்கிறார், எல்லாம் கேட்டேன். ஒன்றுக்கும் யோசித்துப் பதில் சொல்லவில்லை. கைவிரலில் வைத்திருக்கிறார்.

அப்புறம் படிவத்தின் இரண்டாம் பக்கம் வந்தது. காணிப் பத்திரத்தின் பிரதி, விண்ணப்பிக்கிறவரின் பெயரில்.

காணி அவருடைய தகப்பனுக்கு அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தோடு கொடுத்த பெர்மிட் காணி. அந்தப் பேப்பர் கடைசி யுத்தத்தில் மாத்தளன் வரை கொண்டுபோன பையில் இருந்ததாம். பிறகு பையே இல்லை. தகப்பனும் இல்லை. வன்னியில் குடியேற்றத் திட்டத்துக் காணிகள் எத்தனையோ 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணிகள்தான். தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரிமை எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளை விட மகனுக்கே முதலிடம் கொடுத்த அட்டவணையை 2022இல்தான் திருத்தினார்கள். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து காடு வெட்டித் தோட்டம் செய்கிற பெண்ணிடம் போய், உன் பெயரில் பேப்பர் எங்கே என்று கேட்கச் சொல்கிறீர்களே, உங்களுக்கு நாக்கூசவில்லையா?

“பிள்ளை, உங்கட கண்ணுக்கு முன்னால காய்ச்சு நிக்குது. இதைவிட என்ன உறுதி வேணும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி.

அதே கிழமை இன்னொருவரிடம் போனேன். மூன்று ஏக்கருக்குப் பத்திரம், விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், வங்கிப் புத்தகம், எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். தோட்டத்தைக் காட்டுங்கள் ஐயா என்றேன். பற்றையும் நாயுண்ணியும்தான். கிணற்றுக்குள் சருகு. விற்கப்போகிற சாமான் பட்டியலில் லீக்ஸும் கோவாவும் எழுதியிருக்கிறார். இந்தக் கொதிக்கிற வெயிலில், தண்ணீர் இறைக்காத காணியில் லீக்ஸா? தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து லொறியில் இறங்குகிற மரக்கறி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். “பயிர் எதுவும் இல்லை” என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு மேசை கிடைத்துவிட்டது, அதுவும் வாசலோடு முதல் மேசை. கேட்டால், ஆவணம் பூரணமாம்.

சரி, அப்படியென்றால் எதற்கு என்னை அனுப்பினீர்கள்? பத்திரம் பார்க்க ஒரு மேசையும் கதிரையும் போதுமே!

தோட்டத்தைப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஆயிரம் கத்தரிக் கன்று நிற்கிற காணியில் ஒரு ஆய்தலுக்கு எவ்வளவு வரும் என்று தோட்டம் செய்கிற எவரும் சொல்வார். சனிக்கிழமை மேசைக்கு வருகிற கிலோவை அதோடு ஒப்பிட்டால், வெளியிலிருந்து வாங்கி வந்து விற்கிறவர் அன்றே பிடிபடுவார். போகங்களுக்கு இடையில் இன்னொருமுறை போய்ப் பாருங்கள். காணி யாருடையது என்பதற்கு அயலில் இரண்டு பேரைக் கேளுங்கள், எல்லாருக்கும் தெரியும். இதைக் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். “நடைமுறை என்று ஒன்று இருக்குத் தங்கச்சி” என்றார்கள்.

அந்த அம்மா நான் வெளிக்கிடும்போது ஒரு கட்டுப் பயிற்றங்காய் கையில் திணித்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மேசை கிடைக்காது என்று அப்போது அவருக்குத் தெரியாது. இன்னும் நான் போய்ச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். புதன்கிழமை திரும்பவும் கூட்டம். அவருடைய படிவத்தை மறுபடி கொண்டுபோகிறேன், அயலார் இரண்டு பேரின் கையெழுத்தோடு. அதையும் தள்ளினால், பற்றைக் காணியில் எடுத்த படங்களை அங்கேயே எல்லாருக்கும் முன்னால் காட்டுவேன். முதல் மேசை அவருக்கு எப்படிப் போனது என்று ஒருவர் எழுந்து பதில் சொல்லும் வரை இருந்த இடத்தை விட்டு எழும்ப மாட்டேன்.