சுந்தியாட்டா 1960-ல் பிறந்த கதை அல்ல

"சுந்தியாட்டா 1960-ல் ஜிப்ரில் தம்சிர் நியானே எழுதிய நாவல், வாய்மொழிக் காப்பியம் என்பதெல்லாம் கட்டுக்கதை" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலிப் பேரரசை நிறுவிய மன்னர் சுந்தியாட்டாவின் கதை இது. அவர் சொன்னது பாதிதான் சரி. அந்த ஆண்டு அதைப் பிரெஞ்சில் உரைநடையாக வெளியிட்டவர் வரலாற்றாசிரியர் நியானேதான். ஆனால் கினியாவைச் சேர்ந்த மமாது குயாத்தே என்ற கிரியோ, அதாவது பரம்பரைக் கதைசொல்லி, சொல்லக் கேட்டு எழுதியதாக அவரே நூலில் தெளிவாகக் குறிப்பிடுகிறார். அதைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை போல.

1974-ல் கார்டன் இன்னஸ் என்ற ஆய்வாளர், காம்பியக் கிரியோக்கள் மூவர் சொன்ன இதே கதையின் மூன்று வடிவங்களைப் பதிப்பித்தார். ஒன்றில் விரிவாக வரும் சம்பவம் இன்னொன்றில் இருக்காது. ஒரே நாவலை மனப்பாடம் செய்தவர்கள் இப்படியா சொல்வார்கள்? அப்புறம், மாலியின் மாரி ஜாட்டா சோஸோ இனத்தவரை வென்ற செய்தியை 14-ஆம் நூற்றாண்டிலேயே அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் எழுதிவிட்டார். சுந்தியாட்டாவின் இன்னொரு பெயர்தான் மாரி ஜாட்டா.