ஒரு மொட்டைக் கடுதாசியும் நான்கு பேரும்

'தி கவுண்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ'வைப் போன வாரம் மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். சுருக்கப் பதிப்பு இல்லை, முழுசு, 117 அத்தியாயம். "ஜெயிலுக்குப் போவான், தப்பிப்பான், புதையல் கிடைக்கும், பழிவாங்குவான், அதானே? இதை மூணு தடவை படிக்க என்ன இருக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பழிவாங்கும் கதைக்கு நம் ஊரில் பஞ்சமே கிடையாது, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒன்று ரிலீஸ் ஆகிறது.

நான் திரும்பத் திரும்ப அந்தப் புத்தகத்துக்குப் போவதற்குக் காரணம் அதில் வருகிற மொட்டைக் கடுதாசி.

1815 பிப்ரவரி, மார்செய் துறைமுகம். எட்மண்ட் டான்டஸ் என்ற 19 வயது மாலுமி. வழியில் கேப்டன் இறந்துபோனதால் அடுத்த கேப்டன் இவன்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார், காதலித்த பெண்ணோடு கல்யாணமும் நிச்சயம். ஒரு மதுக்கடைப் பந்தலுக்குக் கீழே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கப்பலின் கணக்கன் டாங்லார், கேப்டன் பதவி மேல் கண் வைத்திருந்தவன், பேனாவை இடது கையில் பிடித்து எழுதுகிறான்: இவன் நெப்போலியனின் ஆள், எல்பா தீவிலிருந்து கடிதம் கொண்டுவந்திருக்கிறான். (நெப்போலியன் பதவி இழந்து எல்பாவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த நேரம், அவருடைய ஆள் என்றாலே ராஜத்துரோகம்.) எழுதிவிட்டு, "சும்மா விளையாட்டுக்கு" என்று கசக்கி மூலையில் எறிகிறான். அதே பெண்ணை விரும்பிய ஃபெர்னான் அந்தக் காகிதத்தைப் பொறுக்கிக்கொள்வான் என்று அவனுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுக் கதெருஸ், நல்ல போதை, ஆனாலும் நடப்பது புரிகிறது. மறுநாள் நிச்சயதார்த்த விருந்தில் போலீஸ் வந்து டான்டஸை இழுத்துப்போகும்போது, வாய் திறந்தால் தன்னையும் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் கதெருஸ் பேசாமல் இருந்துவிடுகிறான்.

நான்காவது ஆள் அரசு வழக்கறிஞர் வில்ஃபோர். பையன் குற்றமற்றவன் என்று அவருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது, விட்டுவிடத்தான் இருந்தார். ஆனால் அவன் எல்பாவிலிருந்து கொண்டுவந்த கடிதம் போய்ச் சேரவேண்டிய பெயரைப் பார்த்தால், அது அவருடைய சொந்த அப்பா. வெளியே தெரிந்தால் உத்தியோகம் போச்சு. கடிதத்தை டான்டஸின் கண்முன்னாலேயே நெருப்பில் போட்டு "பார், உனக்கு எதிரான சாட்சியத்தை அழித்துவிட்டேன்" என்கிறார். அந்தப் பையன் நன்றி சொல்கிறான்! அதற்கு அப்புறம் ஷத்தோ தீஃப் தீவுச் சிறையில் 14 வருடம். அங்கே அவனுக்குப் பெயர்கூட இல்லை, 34-ஆம் நம்பர்.

எழுதினவன் ஒருத்தன், தபாலில் போட்டவன் ஒருத்தன், பார்த்துக்கொண்டே சும்மா இருந்தவன் ஒருத்தன், தன் நாற்காலிக்காக ஃபைலை மூடினவர் ஒருத்தர். எந்த ஆபீஸிலும் அநியாயம் இப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொருவரும் கால் பங்கு செய்கிறார்கள், அதனால் யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை.

எனக்கும் நடந்தது, இந்த அளவுக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம், நான் ஒப்பந்தக்காரரிடம் பணம் வாங்குகிறேன் என்று மேலே ஒரு மொட்டை பெட்டிஷன் போனது. மெமோ, விசாரணை, அப்புறம் 300 கிலோமீட்டர் தள்ளி டிரான்ஸ்ஃபர். ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் ஆர்டரை ரத்து செய்யவும் இல்லை. எழுதியது யார் என்று இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தபோது அவர் மேல் அவ்வளவாகக் கோபம் வரவில்லை. தினமும் என்னோடு ஒரே மேஜையில் டீ குடித்த இன்னொருவருக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும் என்று கேள்விப்பட்டபோதுதான் வயிறு எரிந்தது.

அதனால்தான் இந்த நாவலில் எனக்கு உச்சமான இடம் புதையலும் இல்லை, தப்பித்து ஓடுவதும் இல்லை (பிணத்துக்குப் பதிலாகச் சாக்குக்குள் படுத்துக்கொள்ள, காலில் பீரங்கிக் குண்டைக் கட்டிக் கடலில் வீசுகிறார்களே, அது அற்புதம்தான், இருந்தாலும்). சுரங்கம் தோண்டித் தப்பிக்கப் பார்த்து, கணக்குத் தப்பி டான்டஸின் அறைக்குள் வந்து முளைக்கும் பாதிரியார் ஃபாரியா கேட்கும் கேள்விகள்தான் உச்சம். உன்னைக் கேப்டனாக விடாமல் செய்தால் யாருக்கு லாபம்? அந்தப் பெண் உன்னைக் கட்டாமல் இருந்தால் யாருக்கு லாபம்? எழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? பிறகு அவரே பேனாவை இடது கையில் எடுத்து நாலு வரி எழுதிக் காட்டுகிறார். அச்சு அசலாக அதே எழுத்து. இத்தனை வருடம் விதி, கடவுள் என்று முட்டிக்கொண்டிருந்தவனுக்கு அந்த நிமிடம் மனிதர்களின் முகம் தெரிகிறது. உடனே கிழவர் வருத்தப்படுகிறார், உன் மனசில் இல்லாத ஒன்றை, பழியை, நான் விதைத்துவிட்டேனே என்று.

அலெக்சாந்தர் துமா இதை 1844 ஆகஸ்டிலிருந்து 1846 ஜனவரி வரை பாரிஸ் பத்திரிகையில் தொடராக எழுதினார், கதை பின்னுவதில் ஒகுஸ்த் மாக்கே கூடவே இருந்தார். தொடர்கதை என்பதால் வளவளப்பும் உண்டு. ரோம் திருவிழா அத்தியாயங்களை இந்த முறையும் வேகமாகத்தான் புரட்டினேன். ஆனால் சுருக்கப் பதிப்புகள் வெட்டுவதும் இப்படிப்பட்ட பகுதிகளைத்தான் என்பதால், அதோடு சேர்ந்து நல்ல இடங்களும் போய்விடுகின்றன. உதாரணமாக அந்தத் தந்தி கோபுரக்காரர். மின்சாரத் தந்திக்கு முன்னால், கோபுரத்து உச்சியில் மரக்கைகளை ஆட்டிச் செய்தி அனுப்பிய காலம். அவருக்குத் தோட்டம்தான் உயிர், பழங்களைத் தின்னும் சுண்டெலி மாதிரி பிராணிகள்தான் ஜென்ம விரோதி. கவுண்ட், அதாவது புதையலோடு பிரபுவாகத் திரும்பிவந்த டான்டஸ், அவருக்கு 25,000 ஃபிராங்க் கொடுத்து ஒரு பொய்ச் செய்தியைத் தள்ளிவிடச் சொல்கிறான், அதை நம்பி டாங்லார் தன் ஸ்பானியப் பத்திரங்களை அவசரமாக விற்றுத் தொலைக்கிறான். ஒரு பொய்க் காகிதத்தால் வாழ்க்கை போனவன், பொய்த் தந்தியால் திருப்பி அடிக்கிறான். இதை எப்படி வெட்ட மனசு வந்தது?

கடைசியில் கணக்கு சரியாகிவிட்டதா என்றால், இல்லை. வில்ஃபோர் வீட்டில் கவுண்ட் மூட்டிவிட்ட விஷ விளையாட்டில் ஒன்றும் அறியாத குழந்தை செத்துக் கிடக்கிறது. உன் பழி தீர்ந்ததா என்று வில்ஃபோர் அந்தப் பிணத்தைக் காட்டும்போது கவுண்ட் வெளிறிப்போகிறான். அப்புறம் பழைய சிறைக்கே, வேடிக்கை பார்க்க வந்தவன் போலப் போய், வழிகாட்டி சொல்லச் சொல்லத் தன் கதையைத் தானே கேட்டுக்கொண்டு நிற்கிறான். இன்றைக்கும் மார்செய்யில் படகு ஏறிப் போனால் அங்கே டான்டஸின் அறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். இல்லாத ஒருவனுடைய அறை.

கதெருஸுக்கு மட்டும் கவுண்ட் முதலில் தண்டனை கொடுக்கவில்லை, கையில் ஒரு வைரத்தைக் கொடுக்கிறான். அது போதும், பேராசையில் அவனே கொலைகாரன் ஆகிவிடுகிறான். முதல் முறை படித்தபோது இந்த இடத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என்னுடைய கதெருஸ் ரிட்டையர் ஆகிவிட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸாப்பில் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் அனுப்புகிறார். நானும் பதிலுக்கு ஒரு கைகூப்பு போட்டுவிட்டு எழுந்து பல் தேய்க்கப் போகிறேன்.