செய்கூலி, சேதாரம், 69 ஜிபி

(பெங்களூரு, அல்சூர். சாப்பாட்டு மேசைமேல் கம்ப்யூட்டர் கேபினெட் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது.)

பெரியப்பா: மாப்பிள்ளை வரலையாம்மா?

மாலதி: வரல பெரியப்பா. நான் வந்திருக்கேன், கூடவே ஸ்க்ரூ டிரைவரும் வந்திருக்கு. என்ன ஆச்சு?

பெரியப்பா: எல்லாம் நானே முடிச்சுட்டேன். மெஜஸ்டிக்ல மெட்ரோ மாறி, சிக்பேட்டையில இறங்கி, எஸ்.பி. ரோடு முழுக்க அலைஞ்சு 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கி, மாட்டியும் ஆச்சு. கம்ப்யூட்டர்லதான் தெரிய மாட்டேங்குது. மாப்பிள்ளை வந்து ஒரு பார்வை பார்த்தா...

மாலதி: அவரு பார்வைக்கு மட்டும் தெரிஞ்சுடுமா? முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க.

பெரியப்பா: சுவிட்சைத்தான் அணைச்சிருக்கேனே.

மாலதி: பிடுங்குங்க. பிடுங்கிட்டு பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள, அதான் கரண்ட் கொடுக்கிற டப்பாவுக்குள்ள, இருக்கிற கெப்பாசிட்டர் கொஞ்சம் கரண்டைப் பதுக்கி வச்சிருக்கும், பெரியம்மா கடுகு டப்பாவுல காசு பதுக்கற மாதிரி. அப்புறம் கேபினெட்ல பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்க.

பெரியப்பா: தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணுமா?

மாலதி: தொட்டா போதும். உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக் இறங்கிடும். இது என்ன, டிஸ்க்குக்கு அடியில தெர்மோகோல்?

பெரியப்பா: ஸ்க்ரூ நிக்கலம்மா. பழைய டிவிடி டிரைவ்ல கழட்டின ஸ்க்ரூ. உள்ள போகுது, பிடிக்க மாட்டேங்குது.

மாலதி: எப்படிப் பிடிக்கும்? டிவிடி டிரைவுக்கு எம்3. மூன்றரை இஞ்ச் டிஸ்க்குக்கு 6-32, அது கொஞ்சம் தடி, மரையும் அகலம். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கேபினெட்டோட வந்த பாக்கெட்ல இருக்கும், எடுங்க. பக்கத்துக்கு ரெண்டா நாலு ஸ்க்ரூ. அதுக்கு ரெண்டு பக்க மூடியையும் கழட்டணும், நீங்க ஒண்ணைத்தான் கழட்டியிருக்கீங்க. உள்ள தட்டு நிமிஷத்துக்கு 5400, 7200 சுத்து சுத்தும். தெர்மோகோல் மேல வச்சா ஆடும், சூடும் வெளிய போகாது.

பெரியப்பா: மாப்பிள்ளையும் ஸ்க்ரூ போடணும்னுதான் சொன்னாரு.

மாலதி: எந்த ஸ்க்ரூன்னு சொன்னாரா?

பெரியப்பா: பொதுவாச் சொன்னாரு.

மாலதி: சரி, டேட்டா கேபிள் இருக்கு. பவர் எங்க?

பெரியப்பா: அதான் கேபிள் போகுதே.

மாலதி: இந்தச் சின்னது, 7 பின், இதுல டேட்டாதான் போகும். பக்கத்துல அகலமா 15 பின் இருக்கு பாருங்க, கரண்ட் அதுல வரணும். சோறே போடாம வேலைக்கு வரலைன்னு டிஸ்க்கைத் திட்டியிருக்கீங்க.

பெரியப்பா: அதுக்கும் கேபிள் ரெடி. எதிர்வீட்டுப் பையன் அவனோட எஸ்எம்பிஎஸ்ல கழட்டிக் கொடுத்தான். ரெண்டு முனையும் கச்சிதமாப் பொருந்துது. மாப்பிள்ளையைக் கேட்டுட்டு மாட்டலாம்னு வச்சிருக்கேன்.

மாலதி: அப்பாடா! மாப்பிள்ளையால இந்த வீட்டுல நடந்த ஒரே நல்லது. கொடுங்க அதை. டிஸ்க் பக்கம் எல்லாருக்கும் ஒரே அமைப்பு. எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்கு ஒரு கம்பி வரிசை. அங்க பொருந்தற மாதிரி இருக்கும், ஆனா 5 வோல்ட் வர்ற கம்பியில 12 வோல்ட் வந்து நிக்கும். ஆன் பண்ணின நிமிஷம் டிஸ்க் கருகிடும். டிவிடி டிரைவைக் கழட்டின இடத்துல ஒரு முனை சும்மா தொங்குதே, உங்க எஸ்எம்பிஎஸ்லேர்ந்து வர்றது, அதை மாட்டுங்க. எல் வடிவத்துல இருக்கு, ஒரு பக்கமாத்தான் போகும். அமுக்காதீங்க, உள்ள இருக்கிறது பிளாஸ்டிக் நாக்கு, உடைஞ்சா டிஸ்க்கே போச்சு.

(பிளக் மாட்டி, ஆன் செய்ததும், விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ் திரையான பயாஸ் திறக்கிறது.)

பெரியப்பா: இப்பவும் காணோம். மாப்பிள்ளைக்குப் போன் போடட்டுமா?

மாலதி: இருங்க. உங்க விண்டோஸ் எம்.2 எஸ்எஸ்டியில இருக்கு, போர்டுலயே நேரா சொருகற சின்ன டிஸ்க். சில மதர்போர்டுல எம்.2 ஸ்லாட்ல ஆள் உட்கார்ந்தா, டேட்டா கேபிள் சொருகற சாட்டா போர்ட் ஒண்ணு ரெண்டு அணைஞ்சிடும். நீங்க அஞ்சாம் நம்பர்ல சொருகியிருக்கீங்க. எது அணையும்னு போர்டு புத்தகத்துல போட்டிருக்கும்.

பெரியப்பா: மேசை ஆடுதுன்னு அதைத்தான் காலுக்கு அடியில வச்சிருக்கேன்.

மாலதி: பரவால்ல, எந்த வேலைக்காவது உதவுதே. பிளக்கைப் பிடுங்குங்க, ரெண்டாம் நம்பருக்கு மாத்தறேன்.

(மாற்றி, மறுபடியும் ஆன்.)

மாலதி: பயாஸ்ல வந்தாச்சு. இனி விண்டோஸ். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். டிஸ்க்கைப் பாகம் பிரிச்சுக் குறிச்சு வைக்கிற முறை எம்பிஆரா ஜிபிடியான்னு கேட்கும், ஜிபிடி வைங்க. எம்பிஆர் 2 டிபி வரைக்கும்தான் தாங்கும். கீழ கறுப்புப் பட்டை தெரியுதா? அதுல ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், குயிக் ஃபார்மட். கறுப்புப் பட்டையில மட்டும்தான் கை வைக்கணும். நீலப் பட்டையில வச்சீங்கன்னா உங்க பென்ஷன் பேப்பரெல்லாம் காலி.

பெரியப்பா: ஆஹா, வந்துடுச்சு! 1 டிபி... இல்லையே. 931 ஜிபின்னு போட்டிருக்கு. மிச்சம் 69 எங்க?

மாலதி: எங்கயும் போகல.

பெரியப்பா: எனக்குத் தெரியும்மா. எஸ்.பி. ரோட்லேர்ந்து நாலு எட்டு வச்சா நகைக்கடை. அந்தக் காத்து இங்கயும் அடிச்சிருக்கு. சேதாரம் பிடிச்சுட்டான்.

மாலதி: பெரியப்பா, டிஸ்க் கம்பெனி சின்னப் படியில அளக்கறான், 1000, 1000-ஆ. விண்டோஸ் பெரிய படியில அளக்குது, 1024, 1024-ஆ. அரிசி அதேதான்.

பெரியப்பா: நூத்துக்கு ஏழு. நியாயமான சேதாரம்தான். உன் கல்யாணத்துக்கு வளையல் வாங்கினப்போ இதைவிட அதிகம் பிடிச்சான்.

மாலதி: பிடிக்கவே இல்ல. பெரிய படிக்கு கிபிபைட்னு (gibibyte) தனியா பேரே 1998-ல வச்சுட்டாங்க. விண்டோஸ் பெரிய படியில அளந்துட்டு, சின்னப் படி பேரை எழுதுது. மேக்ல 2009-லேர்ந்து சின்னப் படிதான், அதுல மாட்டினா 1 டிபின்னே தெரியும்.

பெரியப்பா: அப்போ மேக்ல சேதாரம் இல்லையா? செய்கூலி ஜாஸ்தியா இருக்குமோ?

மாலதி: உங்க எஸ்எஸ்டி 256-னு வாங்கினீங்க. அங்க பாருங்க, 238. அஞ்சு வருஷமா கண்ணுக்கு முன்னாடிதான் இருக்கு.

பெரியப்பா: அடப்பாவி, அதுலயும் சேதாரமா!

மாலதி: 4 டிபி வாங்கியிருந்தா 3.63-னு காட்டும்.

பெரியப்பா: நல்லவேளை, சின்னதா வாங்கினேன். இரும்மா, எதுக்கும் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுடறேன்.

மாலதி: பெரியப்பா, பெரியம்மா குக்கர் வால்வு மாத்தறாங்க, மிக்ஸி கப்ளர் மாத்தறாங்க. யாரையும் கேட்கச் சொன்னதில்ல நீங்க. அதே கை அடுப்படி தாண்டி ஸ்க்ரூ டிரைவர் எடுத்தா மட்டும் மாப்பிள்ளை கையெழுத்து வேணுமா? எங்க வீட்டுக் கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணினது நான். அவரு மானிட்டரை அணைச்சுட்டு ஷட் டவுன் பண்ணிட்டேன்னு சொல்ற ஆளு.

பெரியப்பா: கோச்சுக்காதம்மா, ஒரு மரியாதைக்குத்தான். (போனில்) ஹலோ மாப்பிள்ளை! 69 ஜிபி குறையுது... ஆங்... சரி, சரி. (வைத்துவிட்டு) ரெண்டு நிமிஷம் யோசிச்சுச் சொல்றேன்னாரு. பொறுப்பான மனுஷன்.

(மாலதியின் போன் டிங் என்கிறது. பார்க்கிறாள். ஒரு வரி தட்டி அனுப்புகிறாள். பெரியப்பாவின் போன் அடிக்கிறது.)

பெரியப்பா: சொல்லுங்க மாப்பிள்ளை... அப்படியா! 1000 வேற, 1024 வேறயா! சின்னப் படி, பெரிய படி... அடடா, அரிசி அதேதான்! (வைத்துவிட்டு) பார்த்தியாம்மா? எவ்வளவு சுலபமாப் புரிய வச்சுட்டாரு!

மாலதி: ஆமா. படி உதாரணம் எங்க பிடிச்சாரோ!

பெரியப்பா: அனுபவம்மா. சரி, வளைகாப்பு ஃபோட்டோவெல்லாம் கட் பண்ணிப் புது டிஸ்க்ல போட்டுடலாமா? பத்திரமா இருக்கும்.

மாலதி: கட் பண்ணாதீங்க, காப்பி பண்ணுங்க. பழைய இடத்துலயும் இருக்கட்டும். அதுவும் போதாது. ரெண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டி, ஒரே எஸ்எம்பிஎஸ், ஒரே பிளக். இடி இறங்கினா ரெண்டும் ஜோடியாப் போகும். பெட்டிக்கு வெளியில கழட்டி வைக்கிற டிஸ்க்ல இன்னொரு காப்பி வேணும்.

பெரியப்பா: மூணு காப்பியா? மூணு சேதாரமாச்சே! இரு, இதையும் மாப்பிள்ளையை...

(டயல் செய்கிறார், பேசுகிறார், வைக்கிறார்.)

பெரியப்பா: யோசிக்கிறாராம்.

(டிங்.)

மாலதி: ஆமா பெரியப்பா, யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு.